டீச்சரும் அம்மாச்சியும்: ஒரு வாழ்க்கையைச் சேர்த்து வைப்பது எப்படி

அம்மாச்சி இறந்து மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வாசலிலேயே நின்று, "டீச்சர் வீடு இதுதானே?" என்றார். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தார். ஐந்தாம் வகுப்பு நோட்டு. ஒரு பெருக்கல் கணக்கு, விடை தப்பு. ஆனால் கணக்கின் மேல் குறுக்குக் கோடு இல்லை. தப்பு ஆரம்பித்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். அதற்கு மேலே இரண்டே சொல்: "இதுவரை சரி."

"மத்தவங்க பெரிசா ஒரு கோடு போட்டு அடிச்சிடுவாங்கம்மா. டீச்சர், எதுவரைக்கும் சரியா வந்திருக்கேன்னு காட்டுவாங்க" என்றார்.

அம்மாச்சி மடியில் வளர்ந்தவள் நான். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. டீச்சராக இருந்த ஒரு பாட்டியின் வாழ்க்கையில் பாதிதான் வீட்டில் இருக்கிறது. மீதிப் பாதி, எங்கெங்கோ இருக்கும் நூற்றுக்கணக்கான பேரிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தேடிப் போய்க் கேட்டால்தான் உண்டு. இரண்டு வருடமாக அந்த வேலையைத்தான் செய்து வருகிறேன். எது பலன் தந்தது, எதை முன்பே செய்திருக்க வேண்டும் என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அலமாரியை உடனே சுத்தம் செய்யாதீர்கள்

துக்கம் நடந்த வீட்டில் எல்லோருக்கும் கை பரபரக்கும். எதையாவது மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும், தூக்கிப் போட வேண்டும். நானும் சித்தியும் இரண்டாவது வாரமே அம்மாச்சியின் அலமாரியைத் திறந்துவிட்டோம். கீழ்த்தட்டில் நூல் கட்டிய இரண்டு கட்டு நோட்டுகள். பாடக்குறிப்பு எழுதிய பழைய நோட்டுகள். "இனிமே யாருக்கு வேணும்?" என்று பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு மாணவி, டீச்சரே எழுதி வகுப்பில் நடிக்க வைத்த ஒரு நாடகத்தைப் பற்றிக் கேட்டார். அது அந்தக் கட்டில்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்று மாதம் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டுமானால் பெட்டியில் போடுங்கள். பெட்டியின் மேல், எந்த அறை, எந்தத் தட்டு என்று எழுதுங்கள். எது எதனோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். அம்மாச்சியின் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் நான்கு குழந்தைகளின் பெயர், எதிரே ஒவ்வொரு எண். அது வேறு எங்காவது கிடைத்திருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். தினமும் கையில் எடுக்கும் கூட்டுக்குள் இருந்ததால்தான் விசாரித்தேன். பார்வை மங்கிய நான்கு பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தனக்காக எழுதி வைத்த குறிப்பு அது.

இன்னொரு அவசர வேலை, குரல். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் யார் யார் போனில் இருக்கின்றன என்று கேட்டு, அந்த வாரமே ஒரு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். போன் தொலைந்தாலோ உடைந்தாலோ அவையும் போய்விடக்கூடும். "சாப்பிட்டியா, போய்ச் சேர்ந்தியா" என்ற பத்து வினாடிப் பேச்சாக இருந்தாலும் சரி, அழித்துவிடாதீர்கள். வீட்டில் பழைய கேசட் இருந்தால், முதலில் அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறி பட்டனை அழுத்தினாலும் மேலே பதிவாகாது. டேப் பழசாக இருந்தால் சும்மா ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று போடாதீர்கள். முதல் முறை ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவாகும்படி ஏற்பாடு செய்துகொண்டு போடுங்கள்.

அவர் இன்னும் இருக்கிறார் என்றால்

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தப் பாக்கியம் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பகுதியை மட்டும் செய்யுங்கள்.

எனக்கு அம்மாச்சியோடு மூன்று முறைதான் உட்காரக் கிடைத்தது. முதல் முறை வீணாகிவிட்டது. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க அம்மாச்சி" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல, எல்லாரையும் போலதான்" என்று நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது முறை ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க முதல் வகுப்பை வரைஞ்சு காட்டுங்க" என்றேன். "ஸ்கேல் எங்க?" என்று கேட்டார். ஸ்கேல் வந்த பிறகுதான் ஆரம்பித்தார். ஒரு செவ்வகம். இடப்பக்கம் இரண்டு ஜன்னல், எதிரே கரும்பலகை, வலப்பக்கம் கதவு. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு பேர். பிறகு ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்தார். அட்டெண்டன்ஸ் எடுப்பது போலப் பெயர்கள் வந்தன. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் விரல் நின்றது.

"இவ பேச மாட்டா. பேரு கூப்பிட்டா கையைத்தான் தூக்குவா. நானும் வாயைத் திறந்து சொல்லுன்னு கட்டாயப்படுத்தல. வருஷம் முடியறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நாள், 'உள்ளேன் டீச்சர்'னா. கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு. நான் ஒண்ணும் சொல்லாம அடுத்த பேரைக் கூப்பிட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். பதிவில் அந்த இடத்தில் 19 வினாடி மௌனம் இருக்கிறது. அடுத்த கேள்வியைப் போடாமல் எப்படியோ வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மௌனத்துக்குப் பிறகுதான், "எனக்கும் சின்ன வயசுல அப்படித்தான்" என்று தொடங்கினார். அவருடைய குழந்தைப் பருவம் முழுவதும் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான். பேச்சு நின்றால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்தில் நிற்காமல் இருபது வரை எண்ணினாலும் தப்பில்லை.

வயதானவர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் மற்ற காலத்தைவிட அதிகமாகவும் தெளிவாகவும் மேலே வரும் என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். அதனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தொடங்காதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதம், முதல் வகுப்பு, தனக்குப் பாடம் சொல்லித்தந்த டீச்சர், இவற்றிலிருந்து தொடங்குங்கள். "சந்தோஷமா இருந்தீங்களா?" என்று கேட்பதைவிட, "ஜன்னல் எந்தப் பக்கம்? சாக்பீஸ் எங்க வைப்பீங்க? மணி யார் அடிப்பாங்க?" என்று கேளுங்கள். இடமும் பொருளும் நினைவுக்கு வந்தால் மனிதர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். சாதாரண மனிதர்களின் பேச்சைப் பதிவு செய்வதற்காக 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு, ஒரு உரையாடலுக்கு 40 நிமிடம் என்று வைத்தது. என் அனுபவத்திலும் அதற்கு மேல் போனால் குரல் களைத்துவிடுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில், மடித்த துணியின் மேல் வையுங்கள். ஆப்பில் வசதி இருந்தால், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் மோனோவில் சுமார் அரை ஜிபி வரும், அவ்வளவுதான். தொடங்கும்போது தேதி, யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம் என்று முடிவில் அவரையே கேளுங்கள். அம்மாச்சி ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு, "இது உன்னோட இருக்கட்டும்" என்றார். அது என்னோடுதான் இருக்கிறது.

மாணவர்களிடம் கேட்பது

குழுப் படம்தான் சாவி. படத்தை நன்றாக ஸ்கேன் செய்து, உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பழைய மாணவருக்கு அனுப்புங்கள். அவர் நான்கு பேரைச் சொல்வார். நான் அனுப்பிய செய்தி இது: "வணக்கம், நான் டீச்சரோட பேத்தி. இந்தப் படத்துல நீங்க எங்க இருக்கீங்க? டீச்சர் உங்ககிட்ட சொன்ன ஒரு வார்த்தை, அவங்க சொன்ன மாதிரியே ஞாபகம் இருந்தா சொல்லுங்க." இரண்டே கேள்வி. "டீச்சரைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது வந்தவையெல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அன்பின் உருவம், அறிவின் சுடர் என்று எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் வாய்ஸ் மெசேஜாக வந்து குவிந்தது. எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். பேசும்போது டீச்சரின் குரலையே எடுத்துக்கொண்டு பேசிவிடுகிறார்கள். "ஏய், நேராப் பாரு, நிலாவையா பார்க்கிற?" என்று அம்மாச்சி அதட்டுவதை மூன்று பேர் ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்கள். மூவரும் வேறு வேறு வருடம் படித்தவர்கள்.

முக்கியமாக, முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். நான் தொடக்கத்தில் ஒரு குரூப் ஆரம்பித்து எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தேன். முதல் ஆள் சுற்றுலா போன கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த பதினைந்து பேரும் சுற்றுலாவைப் பற்றியே பேசினார்கள். இது எங்கள் குரூப்பில் மட்டும் நடப்பதல்ல. ஒரு கூட்டம் சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்வதைவிட, அதே ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்ததை ஒன்று சேர்த்தால் அதிகம் தேறுகிறது என்று வெல்டன், பெல்லிஞ்சர் என்ற உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருவர் சொல்வது மற்றவரின் நினைவோட்டத்தைக் குலைத்துவிடுகிறது. தனித்தனியாக வாங்கி முடித்த பிறகு எல்லோரையும் கூட்டுங்கள். அது வேறு விதமான சந்தோஷம், அதுவும் வேண்டும்தான்.

வீட்டிலும் இதே கதைதான். அம்மாவையும் மாமாவையும் சித்தியையும் ஒன்றாக உட்கார வைத்தால் மாமா மட்டும்தான் பேசுவார். சித்தியிடம் தனியாகக் கேட்டபோதுதான், அம்மாச்சி ராத்திரியில் விடைத்தாள் திருத்தும்போது தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மார்க்கைக் கூட்டச் சொல்வார் என்று தெரிந்தது. சித்தி கூட்டல் கற்றுக்கொண்டது அப்படித்தானாம். இது அம்மாவுக்கே தெரியாது.

கடிதம் எழுதத் தயங்குகிற மாணவர்களுக்கு நான் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யூவைப் பற்றிச் சொல்வதுண்டு. அப்பா போரில் இறந்துவிட, கண்டிப்பான பாட்டியின் வீட்டில் வறுமையில் வளர்ந்த பையன். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் சம்பாதிக்கப் போகட்டும் என்று பாட்டி நினைக்க, லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் வீட்டுக்கே வந்து பேசி மேலே படிக்க வைத்தார். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அம்மாவுக்கு அடுத்து தனக்கு நினைவு வந்தது அவரைத்தான் என்று அந்த ஆசிரியருக்குக் காம்யூ கடிதம் எழுதினார். சின்னக் கடிதம்தான். நீங்கள் எனக்கு இன்னது செய்தீர்கள் என்று நேராகச் சொல்கிற கடிதம். அது போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பதிவேடுகளில் மார்க், குடும்ப நிலைமை, நடத்தை பற்றிய குறிப்புகள் இருக்கும். அந்தக் குழந்தைகள் இன்றைக்கு எங்கோ வாழ்கிற பெரியவர்கள். அந்தப் பக்கங்களைப் பொதுவில் போடாதீர்கள். உரியவருக்கு மட்டும் அவர் பக்கத்தைக் காட்டுங்கள்.

படங்களும் காகிதங்களும்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்க முடியாது. குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு, செல்லோடேப் எல்லாம் காகிதத்துக்குப் பகை. கழற்ற வருவதைக் கழற்றுங்கள், ஒட்டிப் போன டேப்பைப் பிய்க்காதீர்கள். ஒட்டுகிற பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் வைத்த ஆல்பங்களில் படம் சிக்கியிருந்தால், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்குக் கீழே நுழைத்து, அறுப்பது போல மெதுவாக இழுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆல்பத்தோடேயே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும், பெரிதாக்கினாலும் முகம் தெரியும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஃபைல் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள், அப்போதுதான் தானாகக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். தேதி தெரியாவிட்டால் யூகித்து எழுதிவிடாதீர்கள். "மாமா பிறந்த பிறகு, சித்தி பிறப்பதற்கு முன்" என்று எழுதினாலே போதுமான கணக்கு.

எல்லாம் மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள்.

எழுத உட்காரும்போது

முதலில் உரிச்சொற்களை நீக்குங்கள். என் முதல் வரைவில் "கண்டிப்பும் கனிவும் நிறைந்தவர்" என்று எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "இது எங்கம்மா இல்லையே, யாரோ டீச்சர்" என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, "இதுவரை சரி" என்று எழுதிய நோட்டைப் பற்றி எழுதினேன். எந்தக் குணத்தை எழுத நினைத்தாலும், அதைக் காட்டிய ஒரு செயலைத் தேடுங்கள். செயல் கிடைக்காவிட்டால் அந்தக் குணத்தை விட்டுவிடுங்கள்.

அவர் பேச்சை அவர் பேசியபடியே எழுதுங்கள். நம் மொழியில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். பேச்சை எழுத்தாக்கும்போது கை தானாக "வந்தாள், சொன்னாள்" என்று திருத்திவிடும். "வந்தா, சொன்னா" என்றே விடுங்கள். "கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு" என்பதை "வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது" என்று மாற்றினால் சேதி இருக்கும், அம்மாச்சி இருக்க மாட்டார். 40 நிமிடப் பேச்சை எழுதி முடிக்க எனக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அலுத்துப் போய்ச் சுருக்கி எழுதத் தோன்றும் இடத்தில் எழுந்து போய்விடுங்கள், மறுநாள் தொடருங்கள்.

இரண்டு பேர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட சோதனையில், பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை வாசித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னபோது, புரியாத பகுதிகளை விட்டுவிட்டு மீதியைத் தங்களுக்குப் பழகிய மாதிரி மாற்றிக்கொண்டார்கள். கதையில் இருந்த தோணி சாதாரணப் படகானது. யாரும் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று பக்கத்தில் போடுங்கள்.

கசப்பானதையும் விடாதீர்கள். ஒருவர் என்னிடம் சொன்னார்: "நான் பார்த்து எழுதலம்மா. டீச்சர் நம்பல. எல்லார் முன்னாடியும் ஸ்கேலால அடிச்சாங்க. அப்புறம் அதைப் பத்தி அவங்களும் பேசல, நானும் பேசல." சொல்லும்போது அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். இதை நான் தொகுப்பில் சேர்த்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "போனவங்களைப் பத்தி இதெல்லாம் எதுக்கு?" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. அந்த மனிதர் ஐம்பது வருடம் கழித்து என்னை நம்பிச் சொன்னது அது. அதை நீக்கிவிட்டு நல்லதை மட்டும் வைத்தால், அந்த நல்லதையும் படிக்கிறவர்கள் முழுதாக நம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நினைவுக் கூட்டத்தில் பேச வேண்டி வந்தால் ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள், ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பெரிய எழுத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முன்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தொண்டை அடைத்துக்கொண்டால் அவர் எழுந்து தொடரட்டும். எனக்கு என் தம்பி தொடர்ந்தான்.

ஆண்டுதோறும் நினைவுகூர இறந்த நாள்தான் வேண்டும் என்பதில்லை. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமல் வளர்ந்த ஹெலன் கெல்லர், ஆன் சல்லிவன் தனக்கு டீச்சராக வந்து சேர்ந்த 1887 மார்ச் 3ஆம் தேதியைத் தன் ஆன்மாவின் பிறந்தநாளாகவே கருதினார். நாங்கள் அம்மாச்சி முதன்முதலாக வகுப்புக்குள் போன நாளை எடுத்துக்கொண்டோம். பணி நியமன உத்தரவில் அந்தத் தேதி இருந்தது. அன்றைக்கு வகுப்பின் வரைபடத்தை எடுத்து மேசையில் விரிப்போம்.

அந்த 42 இடத்தில் அம்மாச்சி அன்று சொன்னது 31 பெயர். மற்ற இடங்களில் பென்சிலால் ஒரு சின்னச் சுழி மட்டும் போட்டு வைத்தார். மாணவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நிரப்பினேன். என் கையெழுத்தில் இருக்கும் பெயர்கள் பத்து. பேசாத அந்தப் பெண்ணுக்கு நேர் பின்னால், நான்காவது வரிசை ஜன்னலோரம், ஒரு சுழி இன்னும் அப்படியே இருக்கிறது. போன வாரம் வந்த வாய்ஸ் மெசேஜில் ஒருவர், "அங்க ஒரு பையன் இருந்தான், பாதியிலயே வேற ஊருக்குப் போயிட்டான், விசில் நல்லா அடிப்பான்" என்கிறார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. சுழிக்குப் பக்கத்தில் "விசில்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.